ஏற மறுக்கும் ஆசனம்

தெருவில் ஓடும் துவிச்சக்கரவண்டிக்கு ஆசனத்தின் உயரம் ஒன்றே. ஓட்டுபவரின் காலளவுக்கேற்ப ஒருமுறை பொருத்தி இறுக்கிவிட்டால், வண்டி கைமாறும்வரை அதனைத் தொடவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கோ இரண்டு உயரங்கள் வேண்டும். ஏற்றத்தில், மிதி அடிநிலைக்குச் செல்லும்போது கால் ஏறத்தாழ முழுவதும் நீளுமாறு ஆசனம் உயர்ந்திருத்தல் அவசியம், அன்றேல் முழங்கால் நோகும், உழைப்பு வீணாகும். செங்குத்தான இறக்கத்தில் அதே உயரம் பகையாகிவிடுகிறது. முன்சக்கரம் ஒரு பாறையிலிருந்து கீழே இறங்கும் வேளையில் ஓட்டுபவர் தம் உடலைத் தாழ்த்திப் பின்னோக்கி நகர்த்த முயல்கிறார். உயர்ந்து நிற்கும் ஆசனம் அவரைத் தடுத்து முன்னோக்கி உந்துகிறது. கைபிடிக்கு மேலாக எறியப்பட்டு விழுகின்றவர்களுள் பலர் இவ்வாறு விழுகின்றவர்களே.

மலைச் சைக்கிள் என்னும் விளையாட்டு உருப்பெற்ற காலத்திலேயே இத்தொல்லையும் உடன் பிறந்துவிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்ற மாவட்டம் உளது. அங்கே பெயர்பக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள மண்பாதை ஒன்றில், 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், இளைஞர் சிலர் பழைய தடித்த சக்கர வண்டிகளில் ஏறி இறக்கப் போட்டியொன்றை நடத்தினர். ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் பாதை அது. அவ்வண்டிகளின் பின்சக்கரக் குடத்துள் பிறேக் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் குடம் கொதித்து, உள்ளிருந்த கிறீஸ் புகையாய்ப் போய்விடும். மீண்டும் குடத்தைக் கழற்றிப் புதுக் கிறீஸ் இட்டு அடைக்கவேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் 'றீபாக்' என்ற பெயர் வந்தது. ஒரு விளையாட்டின் புகழ்பெற்ற களம், வெற்றி பெற்றவரின் பெயரையோ மலையின் பெயரையோ கொள்ளாமல், கிறீஸ் பூசும் வேலையின் பெயரைத் தாங்கி நிற்பது புதுமையே.

அந்நாட்களில் ஆசனத்தைத் தாழ்த்த விரும்பியவர் வண்டியை நிறுத்தி இறங்கி, கவ்வியைத் தளர்த்திக் கையால் அழுத்தவேண்டியிருந்தது. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிறீஸ் என்பவரும் ஜோஷ் ஏஞ்சல் என்பவரும் 1984ஆம் ஆண்டளவில் 'ஹைற் றைற்' என்ற எளிய சாதனமொன்றைக் கொணர்ந்தனர். ஆசனத் தண்டுக்கும் சட்டகத்துக்கும் இடையே பூட்டப்பட்ட உருக்குவில் அது. ஓட்டுபவர் வண்டியில் இருந்தபடியே கவ்வியைத் தளர்த்தி உடற்பாரத்தால் ஆசனத்தைத் தாழ்த்தலாம். பாரத்தை நீக்கினால் வில் அதனை மேலே தள்ளும். இன்று 'டிறொப்பர்' என்று சைக்கிள் கடைகளில் வழங்கும் ஆசனத் தண்டின் பாட்டன் அதுவே எனலாம். புதிய நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கைபிடியிலுள்ள நெம்பினால் இயங்கும் தண்டுகள் பரவின. 2010இல் அறிமுகமான றொக்‌ஷொக்ஸ் நிறுவனத்தின் 'றிவேர்ப்' என்ற தண்டு திரவ அமுக்கத்தால் எந்த உயரத்திலும் நிற்கவல்லதாய் அமைந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் இத்தாலியில் நடைபெற்ற மிலான் – சான் றெமோ தெருப்போட்டியில், சுலோவீனிய வீரர் மத்தேய் மொஹோரிச் இத்தகைய தண்டைத் தம் தெருவண்டியில் பூட்டிவந்து, பொக்கியோ குன்றின் வளைவான இறக்கத்தில் ஆசனத்தைத் தாழ்த்திப் பாய்ந்திறங்கி முதலாவதாக வந்தார். மலைக்கென்று பிறந்த பொருள் தெருவுக்கும் உதவியது.

இத்துணை உதவும் இத்தண்டுக்கு ஒரு நோய் உண்டு. புதிதாக இருக்கும்போது நெம்பைத் தொட்டவுடன் துள்ளி எழும் ஆசனம், சில மாதங்கள் கழிய, முதுமையடைந்தவர் திண்ணையிலிருந்து எழுவதுபோல் மெல்ல எழத்தொடங்கும். பின்னர் பாதிவழியில் நிற்கும். ஈற்றில் கையால் பற்றி இழுத்தாலன்றி மேலே வரமாட்டாது. இறக்கத்தின் அடியில் திடீரென ஓர் ஏற்றம் குறுக்கிடும்போது ஆசனம் எழாவிடின், ஓட்டுபவர் முழங்கால் மார்பைத் தொட மிதித்துத் தவிப்பார். அடுத்த இறக்கத்தில் அது தாழ மறுத்தாலோ விளைவு முன்னர்க் கூறிய வீழ்ச்சியே.

இவ்வாறு தண்டு தாமதிக்கும்போது, அதன் உள்ளுறுப்பே பழுதடைந்துவிட்டது என்று பெரும்பாலோர் முடிவு கட்டிவிடுகின்றனர். பெரும் பணம் கொடுத்துப் புதியதை வாங்குவோரும் உளர். அறியாத ஆவலால் உள்ளே திறந்துபார்த்து நல்ல உறுப்பைக் கெடுப்போரும் உளர். உண்மையோ வேறு. தாமதிக்கும் தண்டுகளுட் பலவற்றில் குற்றம் உள்ளே இருப்பதில்லை. வெளியிலுள்ள கவ்வியிலோ, கேபிளிலோ, கழுத்தில் ஒட்டிய மண்ணிலோதான் அது இருக்கும். ஆகையால் வெளியிலிருந்து தொடங்கி உள்ளே செல்வதே முறை.

தண்டின் அமைப்பை அறியாமல் அதன் நோயை அறிதல் அரிது. அதில் இரு குழாய்கள் உள. வெளிக்குழாய் சட்டகத்தினுள் இறுக்கப்பட்டு அசையாது நிற்கும். வழுவழுப்பான உட்குழாய் ஆசனத்தைத் தலையில் தாங்கி, வெளிக்குழாயினுள் ஏறி இறங்கும். உட்குழாயினுள்ளே 'காட்றிட்ஜ்' எனப்படும் உருளைக்கலம் ஒன்று இருக்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அழுத்திவிட்டால் அது தானே திரும்பி எழுவதை நேயர்கள் சிறுவயதில் கண்டிருப்பர். உருளைக்கலத்தில் அடைபட்ட வாயு அவ்வாறே ஆசனத்தை மேலே உந்துகிறது. ஆனால் எப்போதும் உந்திக்கொண்டேயிருந்தால் ஆசனம் விரும்பிய உயரத்தில் நில்லாதன்றோ? அதற்காக எண்ணெயும் ஒரு வால்வும் உள. வால்வு மூடியிருக்கையில் எண்ணெய் நகர வழியின்றித் தண்டு பூட்டப்பட்டிருக்கும். கைபிடியிலுள்ள நெம்பை அழுத்தினால் வால்வு திறக்கும், எண்ணெய் ஓடும், அமர்ந்திருப்பவரின் பாரம் ஆசனத்தைத் தாழ்த்தும், பாரம் நீங்கினால் வாயு அதனை உயர்த்தும். ஓட்டுபவரின் பாரம் இறக்கத்துக்குத் துணைசெய்கிறது; ஏற்றத்துக்கு வாயுவைத் தவிர வேறு துணையில்லை. சிறிதளவு உராய்வு கூடினாலும் முதலில் தளர்வது தண்டின் ஏற்றமே. தாழ்வதில் குறை தெரியாமல் எழுவதில் மட்டும் குறை தெரிவதன் காரணம் இதுவே.

முதலாவது ஐயம் கவ்வியின்மேற் செல்லவேண்டும். சட்டகத்தின் வாயில் தண்டைப் பற்றி நிற்கும் வளையமே கவ்வி. பழைய உருக்குத் தண்டுகளுக்குப் பழகிய கை, அதனை இயன்றமட்டும் இறுக்கிவிடும். டிறொப்பர் தண்டின் வெளிக்குழாயோ மெல்லியது. மிகை இறுக்கத்தால் அக்குழாய் கண்ணுக்குப் புலப்படாத அளவு நசுங்கி, உள்ளே ஓடும் குழாயின் கழுத்தை நெரிக்கிறது. இதனைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஆசனத்தைத் தாழ்த்திவிட்டுக் கவ்வியின் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தி, நெம்பை அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஆசனம் முன்போல் துள்ளி எழுந்தால் நோயும் மருந்தும் ஒருங்கே கிடைத்துவிட்டன. பின்னர் முறுக்களவு காட்டும் சாவியால் மீண்டும் இறுக்கவேண்டும். 5 அல்லது 6 நியூற்றன் மீற்றர் பெரும்பாலும் போதுமானது. வளையத்தில் எண் பொறிக்கப்பட்டிருப்பின் அதனை மீறலாகாது. அவ்வளவு இறுக்கத்தில் தண்டு சட்டகத்தினுள் வழுக்கினால், காபன் பாகங்களுக்கென விற்கப்படும் பரபரப்பான பசையைப் பூசுதல் தக்கது. மேலும் இறுக்குவது தகாது. சில சட்டகங்களில் தண்ணீர்ப் போத்தல் தாங்கியின் திருகாணி நீண்டு, உள்ளே வெளிக்குழாயைக் குத்திக்கொண்டிருப்பதும் உண்டு. போத்தலுக்கும் ஆசனத்துக்கும் என்ன தொடர்பு என்று எவரும் ஐயுறார். அதனாலேயே அது நெடுங்காலம் அகப்படாமல் இருந்துவிடுகிறது.

கவ்வி குற்றமற்றதெனின் கேபிளை நோக்கவேண்டும். கைபிடியிலிருந்து புறப்படும் கேபிள், பெரும்பாலான வண்டிகளில் சட்டகத்தின் உள்ளேயே ஓடி, மிதியச்சுக்கு மேலாக வளைந்து, ஆசனக் குழாயினுள் ஏறித் தண்டின் அடிமுனையைச் சேர்கிறது. மழைநீரும் சேறும் அதன் உறைக்குட் புகுந்து துருவை உண்டாக்கும். கம்பி தாராளமாக நகராவிடின் வால்வு பாதியே திறக்கும். பாதி திறந்த வால்வின் வழியே எண்ணெய் பாதி வேகத்திற்றான் ஓடும். நெம்பு கடினமாக இருப்பதும், அழுத்திய பின் தானே திரும்பி வராமல் சோம்புவதும் இதன் அறிகுறிகள்.

வேறோர் இடர், வண்டியைச் செம்மையாக வைத்திருப்போருக்கே நேர்வது. வண்டியை வேறொருவர் ஓட்டுவதற்காகவோ கழுவுவதற்காகவோ தண்டைச் சட்டகத்தினுள் மேலும் தாழ்த்தும்போது, உள்ளிருக்கும் கேபிளுறைக்குப் போக்கிடம் வேண்டும். தண்டைக் கீழே தள்ளும் ஒவ்வொரு விரற்கடைக்கும் கைபிடிப் பக்கத்தில் உறையை அதே அளவு மெல்ல வெளியே இழுத்தல் அவசியம். இழுக்காவிடின், உறை ஆசனக் குழாயின் அடியில் மடிந்து முறுகிவிடும். வெளியில் எவ்வித அடையாளமும் தெரியாது. ஆசனம் மட்டும் அன்றுதொட்டு மந்தமாகும்.

கேபிளுக்கும் தண்டுக்கும் இடையே வழக்குத் தீர்க்க நேரிய வழி இரண்டையும் பிரிப்பதே. கவ்வியைத் தளர்த்தித் தண்டை வெளியே எடுத்து, அடிமுனையிலிருந்து கேபிளைக் கழற்றி, அங்குள்ள சிறு நெம்பை விரலாலோ ஆறுமூலைச் சாவியாலோ அழுத்திப் பார்க்கவேண்டும். அவ்வேளை முகத்தை ஆசனத்துக்கு நேரே பிடித்தலாகாது. தண்டு நலமாக இருந்தால் அது விரைவாகவே எழும். அவ்வாறு எழுந்தால் தண்டு நிரபராதி. கேபிளையும் உறையையும் ஒருங்கே மாற்றிவிடுதல் நன்று. இவ்விரண்டின் விலை தண்டின் விலையில் மிகச் சிறு பங்கே. துருவேறாத உருக்குக் கம்பியும், கியர் மாற்றுவதற்குரிய உறையும் இதற்கு ஏற்றவை. உறையை வெட்டிய முனை நசுங்கியிருந்தால் ஊசியால் வட்டமாக்கிக்கொள்ளல் வேண்டும். மீண்டும் பூட்டும்போது நெம்பில் மிகச் சிறிதளவு தளர்வு இருத்தல் முறை. தளர்வு மிகுந்தால் வால்வு முழுவதும் திறவாது. தளர்வே இல்லையெனில் வால்வு முழுவதும் மூடாது, அமர்ந்தவர் அறியாமலே ஆசனம் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டிருக்கும்.

கேபிளுக்குப் பதிலாகத் திரவக்குழாய் கொண்ட தண்டுகளும் உள. அவற்றிற் சிலவற்றின் நெம்பில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. எவரோ சிறுபிள்ளை அதனைத் திருப்பிவிட்டிருக்க, தந்தையார் தண்டு முழுவதையும் அக்கக்காகக் கழற்றுவதும் நேரக்கூடும். ஆதலின் முதலில் அத்திருகைப் பார்த்தல் நலம். அக்குழாயினுள் வளிக்குமிழ்கள் புகுந்தால் நெம்பு பஞ்சுபோல் மெத்தென்றாகிவிடும். அப்போது இரு முனைகளிலும் பீச்சாங்குழல்களைப் பூட்டி, தயாரிப்பாளர் கூறிய திரவத்தை மட்டுமே செலுத்தி வளியை வெளியேற்றவேண்டும்.

இனி மூன்றாவது இடம், தண்டின் கழுத்து. உட்குழாய் வெளியே வரும் வாயில் திருகிப் பூட்டிய ஒரு மூடி இருக்கும். அதனுள்ளே றப்பர்த் துடைப்பு வளையம் ஒன்று அமர்ந்து, ஆசனம் தாழும் ஒவ்வொரு முறையும் குழாயில் ஒட்டிய தூசியைத் துடைத்து வெளியே நிறுத்துகிறது. மலைச் சைக்கிளின் பின்சக்கரம் சேற்றை வாரி எறிவதோ நேரே இக்கழுத்தை நோக்கித்தான். நாளடைவில் வளையம் துடைக்க இயலாத நுண்மணல் உள்ளே சென்று, பழைய கிறீஸோடு குழைந்து, அரைக்கும் கூழாக மாறுகிறது. வண்டியை அமுக்கநீர்க் குழாயால் கழுவுவோர் அம்மணலைத் தம் கையாலேயே உள்ளே செலுத்துகின்றனர்.

தூய்மைப்படுத்தும் வேலை கடினமானதன்று, பொறுமை வேண்டும். ஆசனத்தை முழுவதும் உயர்த்தி, மூடியைத் திருகிக் கழற்றி, உட்குழாயின்மேல் உயர்த்திவிட வேண்டும். இடுக்கியால் மூடியைப் பற்றினால் கீறல் விழும்; கையாலோ பட்டைச் சாவியாலோ திருப்புவதே தக்கது. பல தண்டுகளில் இவ்வளவு செய்தாலே துடைக்கவேண்டிய பகுதி கண்ணுக்குத் தெரியும். வேறு சிலவற்றில் அடிமுனையிலுள்ள பிடிப்பையும் கழற்றி உட்குழாயை முழுவதும் உருவவேண்டும். மெல்லிய துணியில் ஐசோபுறொப்பைல் அற்ககோலைத் தோய்த்து, குழாய், வளையம், மூடியின் உட்புறம், வெளிக்குழாயின் வாய் ஆகிய யாவற்றையும் துணியில் கறுப்புத் தோன்றாத வரையில் துடைக்கவேண்டும்.

அடுத்து எந்தக் கிறீஸ் என்ற வினா. இங்கேதான் நல்லெண்ணம் கொண்டோர் பலர் தவறுகின்றனர். சக்கரக் குண்டுகளுக்கு இடும் தடித்த கிறீஸை இதற்கு இட்டால், மணல் இருந்தபோது ஏற்பட்ட தாமதத்தைவிட அதிகத் தாமதம் உண்டாகும். முன்கவையின் அதிர்வுதாங்கிகளுக்கென விற்கப்படும் மென்மையான கிறீஸே ஏற்றது; அதுவும் மெல்லிய பூச்சாக. துருப்பிடித்த திருகாணிகளுக்கு அடிக்கும் நீர்த்த தெளிப்பெண்ணெயைக் கழுத்தில் அடிப்போரும் உண்டு. அடித்தவுடன் ஆசனம் விரைந்து எழும், அடித்தவர் மகிழ்வார். உள்ளிருந்த நல்ல கிறீஸை அவ்வெண்ணெய் கரைத்து வெளியேற்றிவிட்டதை அவர் சில நாட்களின் பின்னரே உணர்வார்.

உட்குழாயை முழுவதும் உருவியவர் அதன் அடிப்பகுதியில் சிறு பித்தளை முளைகளைக் காண்பார். ஆசனம் இடவலமாகத் திரும்பாமல் இருக்கும்பொருட்டு அவை பள்ளங்களில் ஓடுகின்றன. தேய்ந்தால் ஆசனத்தின் மூக்கு ஆடும். அப்போது புதியன இடவேண்டும். இவை நுண்ணிய அளவு வேறுபாட்டுடன் பல எண்களில் விற்கப்படுகின்றன. ஆட்டத்தை அறவே ஒழிக்க விரும்பிப் பெரிய எண்ணைத் தெரிந்தெடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். கூடவே ஆசனமும் நின்றுவிடும். பழைய முளையை எந்தப் பள்ளத்திலிருந்து எடுத்தோமோ அதே பள்ளத்தில் வைப்பதும் கவனிக்கத்தக்கது.

இவை யாவும் செய்தும் தண்டு சோம்பினால், அப்போதுதான் வாயுவின் அமுக்கத்தைப் பற்றி எண்ணவேண்டும். பல தண்டுகளில் வாயு நிரப்பும் வாய், ஆசனத்துக்கு அடியிலோ தண்டின் அடிமுனையிலோ ஒரு சிறு மூடிக்குள் இருக்கும். சதுர அங்குலத்துக்கு 200 முதல் 300 இறாத்தல் வரையிலான அமுக்கம் பெரும்பாலும் தேவைப்படும். மலைச் சைக்கிளின் ரயரில் இருப்பது ஏறத்தாழ இதில் பத்தில் ஒரு பங்கே என்பதால், சாதாரணப் பம்பு இதற்கு உதவாது. அதிர்வுதாங்கிகளுக்குரிய பம்பே வேண்டும். ஆசனம் முழு உயரத்தில் நிற்கும்போது நிரப்பவேண்டும். தயாரிப்பாளர் குறித்த எல்லையைக் கடந்து நிரப்பினால் ஆசனம் மின்னல்போல் எழும். ஓட்டுபவருக்கு அது உகந்ததன்று. காரணத்தை வானொலியில் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உருளைக்கலத்தில் எண்ணெயோடு வாயு கலந்துவிடுவது வேறொரு நோய். அப்போது ஆசனம் தாமதிப்பதோடு, பூட்டிய நிலையிலும் அமர்ந்தவுடன் வில்போல் சில மில்லிமீற்றர் தாழ்ந்து எழும். தாழ்த்திய ஆசனத்தைப் பற்றி வண்டியைத் தூக்குவதும், அந்நிலையில் ஆசனத்தாலேயே வண்டியைத் தொங்கவிடுவதும் இதற்கு ஒரு காரணம். பூட்டப்பட்ட எண்ணெயை வண்டியின் பாரம் எதிர்த்திசையில் இழுக்க, அடைப்பு வளையத்தைத் தாண்டி வாயு எண்ணெய்க்குள் புகுந்துவிடுகிறது. முத்திரையிட்ட கலங்கள் திறப்பதற்கென்று ஆக்கப்பட்டவையல்ல. அவற்றை முழுவதாக எடுத்துவிட்டு அதே அளவுள்ள புதிய கலத்தைப் பொருத்தவேண்டும். திறக்கத்தக்க வகையிலும், அமுக்கத்தை முற்றாக வெளியேற்றாமல் ஒரு திருகாணியையேனும் தொடுதல் ஆகாது. சதுர அங்குலத்துக்கு 250 இறாத்தல் அமுக்கத்திலிருந்து விடுபடும் உலோகத் துண்டு கண்ணையோ பல்லையோ பறிக்கவல்லது. உரிய கருவியும் பயிற்சியும் இல்லாதவர் இவ்விடத்தில் நின்று, தண்டைத் தேர்ந்த பட்டறையில் ஒப்படைப்பதே அறிவுடைமை.

குளிர்நாடுகளில் ஓட்டுவோர் இவ்வளவும் செய்யத் தொடங்குமுன் வெப்பமானியையும் பார்த்தல் வேண்டும். மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைவதுபோல உருளைக்கலத்தின் எண்ணெய் உறைந்துவிடாதெனினும், அதுவும் சற்றுத் தடிக்கும். அடைபட்ட வாயுவின் அமுக்கமும் குறையும். பனிக்காலக் காலையில் மந்தமாக இருந்த ஆசனம் வீட்டினுள் ஒரு மணி நேரம் இருந்தபின் தானே விரைவு பெறுமாயின், அதில் பழுதெனக் கூற ஒன்றுமில்லை.

2019இல் கம்பியில்லா விசையால் இயங்கும் தண்டையும் றொக்‌ஷொக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதில் கேபிளும் இல்லை, துருவும் இல்லை. ஆனால் மின்கலம் உண்டு, மின்னேற்ற மறந்தால் ஆசனம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கும் கவ்வியின் இறுக்கமும் கழுத்தின் சேறும் பழைய தண்டுகளுக்கு உள்ளவாறே உண்டு. ஓட்டம் முடிந்தபின் ஆசனத்தை முழு உயரத்துக்கு எழுப்பிவிட்டு, கழுத்தைச் சுற்றி ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, வண்டியைச் சக்கரங்களின்மேல் நிறுத்திவைப்பவருக்கு, மூடியைக் கழற்றும் வேலை ஆண்டுக்கு ஓரிரு முறைக்குமேல் பெரும்பாலும் வாராது.